சாக்லேட் ஊரில் கார் சந்தை

“அண்ணி, அவர் செக் புக்கைச் சட்டைப் பையில வெச்சிருக்கார். நீங்க அவரை விட்டு நகராதீங்க” என்று வாசல் வரை வந்து என் காதோடு சொன்னாள் தம்பி மனைவி. தம்பியோ தேர் பார்க்கப் போகிற சின்னப் பையன் மாதிரி காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அக்கா, நேரமாச்சு, வா வா!” என்று பறந்துகொண்டிருந்தான்.

சமாசாரம் இதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹாரிஸ்பர்க் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறான் என் தம்பி. 2024-ம் வருஷம் செப்டம்பரில் அவன் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் ஈரத் துணிக் கூடையைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமே! வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டுக் காரைக்குடியிலிருந்து நான் கிளம்பினேன்.

போன இடத்தில் ரசம் வைப்பதும் பூண்டு உரிப்பதுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. அங்கே வீட்டுக்கு அடியில் நிலவறை மாதிரி ஓர் அறை. வீடு முழுவதையும் சூடாக்குகிற ஹீட்டர் அதில்தான் இருக்கிறது. தம்பி வீட்டு ஹீட்டர் போட்டவுடன் மாவு மில் மாதிரி சத்தம் போடும். பார்க்க வந்த ஆள், “இந்தப் பனிக்காலத்தை இது தாண்டாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கென்று ஒரு தொகையை வங்கியில் ஒதுக்கி வைத்திருந்தாள் தம்பி மனைவி. அந்தத் தொகையின் மேல்தான் தம்பிக்குக் கண். அவனுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. பழைய அமெரிக்கக் கார், அதுவும் படகு மாதிரி நீளமான கார் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்த வேண்டும்!

பழங்கார்ச் சந்தை கூடுகிற இடத்தின் பெயர் ஹெர்ஷி. தம்பி வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. பெயரைக் கேட்டதும் உங்களுக்குச் சாக்லேட் ஞாபகம் வந்தால் சரிதான், அதே ஹெர்ஷிதான். முக்கியமான சாலைக்கே ‘சாக்லேட் அவென்யூ’ என்று பெயர். தெரு விளக்குகள் கூட அந்தக் கம்பெனியின் கூம்பு மிட்டாய் வடிவத்தில், ஒன்று வெள்ளித்தாள் சுற்றியது போல, அடுத்தது உரித்தது போல என்று மாற்றி மாற்றி நிற்கின்றன. தொழிற்சாலையை 1905-ல் முடித்து ஊரையும் உண்டாக்கியவர் மில்டன் ஹெர்ஷி. அவருக்கும் அவர் மனைவி கேத்தரினுக்கும் பிள்ளை கிடையாது. 1909-ல் இருவருமாகச் சேர்ந்து அநாதைப் பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மனைவி இறந்த பிறகு, 1918-ல், தம் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளிக்கே எழுதி வைத்துவிட்டார் அவர். பள்ளி இன்றும் நடக்கிறது. பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்ட பிறகு சாக்லேட் கொஞ்சம் கூடுதலாகத்தான் இனித்தது.

முந்தின வாரமே அந்த ஊருக்குப் போய், நம் ஊரில் கொடுப்பதற்காக, ஃப்ரிஜ்ஜில் ஒட்டும் மிட்டாய் வடிவக் காந்தம் ஆறு வாங்கியிருந்தேன். அதில் ஒன்று என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

சந்தைக்கு வருவோம். அமெரிக்காவில் பழங்கார் வைத்திருப்பவர்களுக்கு 1935-ல் ஆரம்பித்த பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. 25 வருஷமாவது ஆன வண்டியைத்தான் அவர்கள் பழசு என்று ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சங்கத்தார் 1955-லிருந்து ஹெர்ஷியில் அக்டோபர் மாதம் கூடுகிறார்கள். கொரோனா வந்த 2020-ல்தான் நின்று போயிற்று. உள்ளே போக டிக்கெட் கிடையாது. நம் வண்டியை நிறுத்தத்தான் பணம். விளையாட்டரங்கத்தைச் சுற்றியுள்ள திடல்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடைகள். கடை என்றால் கட்டடம் இல்லை. நம் வாரச் சந்தையில் சாக்கு விரித்துக் கத்தரிக்காய் கொட்டியிருப்பார்களே, அதே மாதிரிதான். கத்தரிக்காய்க்குப் பதில் ஹெட்லைட், வீல் கப், ஸ்டியரிங், துருப்பிடித்த கதவு! ஒருவர் பழைய கார்க் கடிகாரங்கள் மட்டுமே விற்றார். நாற்பது ஐம்பது இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிற்று.

கடைக்குக் கடை மடக்கு நாற்காலியில் பெண்மணிகள். சிலர் கம்பளி பின்னுகிறார்கள், சிலர் மின்சாரப் பானையில் பீன்ஸ் வேக வைக்கிறார்கள். ‘பாவம், வீட்டுக்காரருக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டேன். அப்போது ஒருவர் வந்து ஏதோ கியர் பெட்டி பற்றிக் கேட்க, கம்பளி பின்னிக்கொண்டிருந்த பாட்டி ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் மடமடவென்று பதில் சொன்னாள். அவள் புருஷன் பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்!

போகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், சகோதரிகளே. கான்வாஸ் ஷூதான் சரி. காலையில் குளிர் கடிக்கிறது, மத்தியானம் வெயில் காய்கிறது, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போவது பர்ஸுக்கும் வயிற்றுக்கும் நல்லது. நான் எலுமிச்சம்பழ சாதமும் வறுத்த மோர் மிளகாயும் கட்டிக்கொண்டு போனேன்.

முழுக் கார்கள் விற்பனைக்கு நிற்பது தனி இடம். வரிசையாக நிறுத்தி, முன் கண்ணாடியில் ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்த மாடல், எத்தனை மைல் ஓடியது, என்ன விலை எல்லாம் அதில் இருக்கிறது. பெண் பார்க்கும் படலத்தில் ஜாதகம் வைப்பது போல!

முதலில் கூட்டம் கூடியிருந்தது ஒரு 1959 காடிலாக்கைச் சுற்றி. அடேயப்பா! வெண்ணெய் நிறம், மேல் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். பின்பக்கம் இரண்டு துடுப்புகள், சுறா மீன் தலைகீழாக நீந்துகிற மாதிரி. ஒவ்வொரு துடுப்பிலும் இரண்டிரண்டு சிவப்பு விளக்கு, பழுத்த மிளகாய் போல. காடிலாக் கார்களில் இத்தனை உயரத் துடுப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லையாம். நீளம் பதினெட்டே முக்கால் அடி. நம் அம்பாஸடர் பதினாலேகால் அடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். விலை 95,000 டாலர். நம் பணத்தில் கிட்டத்தட்ட 80 லட்சம். தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, “இது கும்பிடறதுக்கு மட்டும்” என்றான்.

அங்கே நின்றவர்களைப் பார்க்கத்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவரும் காரைத் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, பிரதட்சிணம் வருகிறார்கள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. வெள்ளைத் தாடித் தாத்தா ஒருவர் தம் இடுப்பு பெல்ட்டைச் சுற்றி, பக்கிள் பக்கவாட்டில் வருகிற மாதிரி நகர்த்திக்கொண்டார். சாய்ந்து பார்க்கும்போது பெயிண்டில் கீறல் விழக் கூடாதாம்! பிறகு என் கைப்பையின் கொக்கியைக் காட்டி, ‘தள்ளிப் பிடித்துக்கொள், அம்மா’ என்கிற மாதிரி ஜாடை காட்டினார். நகைக்கடையில்கூட இத்தனை மரியாதையாக நடந்துகொள்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

காடிலாக் கம்பெனிக்கு நாம் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் காருக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். அது திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு முறியும். 1912 மாடல் காடிலாக்கில்தான் மின்சார ஸ்டார்ட்டர் வைத்தார்கள், கெட்டரிங் என்பவர் செய்தது. கால் வைத்து அமுக்கினால் போதும் என்று ஆன பிறகுதான் பெண்கள் துணிந்து தனியாகக் காரை எடுக்க முடிந்தது. தம்பி இதைச் சொன்னபோது, ‘கிரைண்டர் வந்த மாதிரி’ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வரிசையில் கறுப்பாக, கம்பீரமாக ஒரு பேக்கார்ட். 1958-க்கு அப்புறம் அந்தப் பெயரில் காரே வரவில்லை. அதனாலோ என்னவோ, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் செத்துப்போன பெரியப்பாவின் நல்ல குணங்களைப் பேசுகிற மாதிரியே பேசினார்கள்.

அதைத் தாண்டினதும் தம்பி சட்டென்று நின்றுவிட்டான். “அக்கா, ஓட்டை கார்!”

1949 ப்யூக். பானட்டின் பக்கவாட்டில் வரிசையாக மூன்று வட்ட ஓட்டைகள், வெள்ளிப் பூண் கட்டினாற்போல். அந்த வருஷம்தான் ப்யூக் கம்பெனி இந்த ஓட்டையைக் கொண்டு வந்தது. மூன்று ஓட்டை என்றால் சூப்பர், நாலு என்றால் ரோட்மாஸ்டர், அதுதான் உயர்த்தி. இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் வேண்டாம். எங்கள் அப்பா காரைக்குடியில் டிங்கர் வேலை செய்தவர்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒரு காலத்தில் அமெரிக்கக் கார்கள் நின்றன. கிராமத்தில் அதற்குப் ‘பிளஷர்’ என்றே பெயர். நான் பிறப்பதற்குள் அந்தக் காலம் முடிந்துவிட்டது. பாக்கி இருந்த ஒன்றிரண்டு, முன்கட்டில் கோழி அடைய விட்ட நிலையில் கிடந்தன. 1987-ல் ஒரு வீட்டு ஆச்சி, பேத்தி கல்யாணத்தில் பெண் அழைப்புக்கு அந்த ப்யூக்தான் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா இரண்டு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினார். உள்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி நெளிவு எடுப்பார். எடுபடாத இடத்தில் பட்டி போடுவார். அது காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அப்போது எனக்கு எட்டு வயசு. சாயங்காலம் கரண்ட் போய்விட்டால் அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பா சுத்தியல் போகிற பக்கமெல்லாம் நகர்த்திப் பிடிப்பாள். ராத்திரி அடுப்படியில் கை கடுக்கிறது என்று தைலம் தடவிக்கொள்வாள்.

அப்பாவிடம் நான் கற்றது ஒன்று உண்டு. விரலை மடக்கி, கணுவால் தட்டிப் பார்ப்பது. நல்ல தகரம் ‘டங்’ என்னும். பட்டி போட்ட இடம் ‘தொத்’ என்று ஊமையாக ஒலிக்கும். கீறல் விட்ட பானைக்கும் நல்ல பானைக்கும் உள்ள வித்தியாசம்தான். வண்டிக்காரரிடம் பணம் வாங்குகிற அன்றைக்கு, “இங்கேயிருந்து இதுவரைக்கும் பட்டி, மத்ததெல்லாம் தகரம்” என்று அப்பா தொட்டுக் காட்டிவிடுவார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவார்.

காரைக் கொண்டுபோய் விட்ட அன்று எங்கள் இருவரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். தம்பி நாலு வயசுப் பொடியன். இறங்கினதும் அந்த மூன்று ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்து, வரமாட்டேன் என்று அழுதான். கல்யாணம் முடிந்த சில வருஷத்தில் அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அப்பாவும் இப்போது இல்லை. தம்பியின் ஆசை எங்கே ஆரம்பித்தது என்று அவன் மனைவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காவல் வேலை எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ப்யூக்கின் விலை கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கார், மத்தியானத்துக்கு மேல் எதிரே வந்து நின்றது. நாவல்பழ நிறத்தில் 1978 லிங்கன் கான்டினென்டல். பத்தொன்பது அடி ஐந்து அங்குலம்! 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து பங்குகளில் ஜனங்கள் வரிசையில் நின்ற பிறகு அமெரிக்காவில் கார்கள் இளைக்க ஆரம்பித்தன. காடிலாக் 1977-ல் சுருங்கிவிட்டது. லிங்கன் மட்டும் 1979 வரை பிடிவாதமாக உடம்பைக் குறைக்கவில்லை. எடை இரண்டு டன்னுக்கு மேல். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். உள்ளே வெல்வெட் மெத்தை வைத்த சீட்டு, பொத்தான் பதித்தது. ஹெட்லைட்டுக்கு இமை மாதிரி மூடி உண்டு. விளக்குப் போட்டால் இமை திறக்கும். இந்த வண்டியில் ஓர் இமை திறந்தும் ஒன்று மூடியும் கிடந்தது, கண்ணடிக்கிற மாதிரி. காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கும், சின்ன வேலைதான் என்றான் தம்பி. விலை 9,500 டாலர். ஹீட்டர் பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பக்கத்தில் எழுபது வயசுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மடியில் போர்வையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் 1984-ல் இரண்டாம் கையாக வாங்கினாராம். அவர் போய் இரண்டு வருஷம். வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு அடுக்குமாடியில் இருக்கப் போகிறார். அங்கே இந்தக் காரை நிறுத்த இடமில்லை. தம்பி கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான். சொல்லும்போதே கை சட்டைப் பையைத் தடவியது.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் நோட்டுப் புத்தகம். வாங்குகிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் பின்பக்கமாகப் போனேன். என் விரல் தானாக மடங்கிற்று. கதவில் டங். பின் மட்கார்டில் டங், டங். இடது பின் சக்கரத்துக்குப் பின்னால், தொத்.

மறுபடி தட்டினேன். தொத்.

“டேய்” என்றேன் மெதுவாக. தம்பி வந்தான். அவனும் தட்டினான். பிறகு என் கைப்பையிலிருந்த மிட்டாய்க் காந்தத்தை வாங்கி மட்கார்டில் ஒட்டினான், ஒட்டியது. ஒரு ஜாண் கீழே வைத்தான். வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் டொக்கென்று விழுந்தது. தகரம் இருந்தால் காந்தம் பிடிக்கும், பட்டியைப் பிடிக்காது. அந்த ஊரில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். சக்கரம் வாரி அடிக்கிற அந்த உப்புச் சேறு பின் மட்கார்டின் அடியில் போய்த் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

காந்தம் விழுந்த சத்தத்துக்கு அந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தம்பி பணத்தைக் காப்பாற்ற வந்தவள், யாரோ ஒரு அம்மாளுக்கு வந்த கிராக்கியைக் கெடுத்துவிட்டேனே! நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மாள் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் படித்தது பிளஸ் டூ. இந்த மாதிரி சமயத்துக்கு இங்கிலீஷ் வருமா? “ஸாரி, ஸாரி” என்றேன்.

“எங்க அப்பா இந்த வேலை செய்தவர். அக்காதான் அவருக்கு அஸிஸ்டென்ட்” என்று தம்பி சொன்னான்.

அந்த அம்மாள் கீழே கிடந்த காந்தத்தை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். அப்புறம் குனிந்து அந்த இடத்தைத் தடவினார். அவர் சொன்னதைத் தம்பி அப்படியே சொன்னான்: “இதை அவரே கராஜில் செய்தார். அது ஜனவரி மாதம், ஒரே குளிர். நான்தான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். கையை ஆட்டாதே, ஆட்டாதே என்று கத்திக்கொண்டே இருந்தார்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அந்த அம்மாள் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வீட்டுக்காரர் சரிசெய்துவிட்ட இடம் அது, குறையென்று எழுதத் தோன்றவே இல்லை.

எங்கேயிருந்து எதுவரை என்று காட்டச் சொன்னார். நான் தட்டிக்கொண்டே போனேன். காலணி நீளத்துக்கு ஒன்றரைப் பங்கு அகலம், உயரம் ஒரு ஜாண். வலப்பக்கமும் தட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே எல்லாம் டங். அவர் அட்டையை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: இடது பின்பக்கம் உரிமையாளர் கையால் பழுது பார்த்தது. விலையை அடித்து 8,000 என்று எழுதிவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ‘வாங்கிக்கொள்ளேன்டா’ என்றுதான் வாயில் வந்தது. பட்டியைப் பிரித்து வேலை செய்ய அவனுக்குத் தெரியும். விலையும் இறங்கிவிட்டது. ஆனால் நிலவறையில் மாவு மில் ஓடுகிற சத்தமும் காதில் விழுந்தது. ஆபரேஷன் ஆன உடம்பு, வரப்போவது டிசம்பர். “ஹீட்டர்காரன் திங்கட்கிழமை வர்றானாம்டா” என்று மட்டும் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளிடம் இப்போது முடியாது என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். அவருக்கு வருத்தமோ என்னவோ, முகத்தில் காட்டவில்லை. சாவியை அவன் கையில் வைத்து, “உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணித்தான் பாரேன்” என்றார். என்னையும் முன் சீட்டில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினால் நெல் குதிரின் பலகையைச் சாத்துகிற சத்தம். என்ஜின் ஓடுவது காதில் கேட்கவில்லை, பாதத்தில்தான் தெரிந்தது. எதிரே பானட் ஒரு கட்டில் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. தம்பி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டாமல், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். எலுமிச்சம்பழ சாதத்தை அந்த அம்மாள் ஸ்பூனால் ரசித்துச் சாப்பிட்டார். மோர் மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிளாஸ்கிலிருந்து எங்களுக்குக் காபி கொடுத்தார், சர்க்கரையே இல்லாமல்.

அதற்குப் பிறகு பெண்கள் கழிப்பறைக்கு அரை மணி வரிசையில் நின்றேன். ஆயிரம் ஆண்கள் வருகிற இடத்திலும் வரிசை நமக்குத்தான்! தம்பி அந்த நேரத்தில் கடைப்பக்கம் போய்விட்டு வந்தான்.

திரும்பும்போது லிங்கன் வழியாகத்தான் வந்தோம். கண்ணாடியில் ‘விற்றாயிற்று’ என்று எழுதியிருந்தது. அட்டையில் அவர் சேர்த்த வரி அப்படியே இருந்தது. வாங்கினவன் ஒரு சின்னப் பையன், இருபத்தைந்து கூட இருக்காது. அவன் மனைவி கைக்குழந்தையோடு பின் சீட்டில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்து ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மடித்து மடித்துக் கிழிந்த சாலை வரைபடங்கள், ஒரு கறுப்புக் கண்ணாடி, ஆண்கள் சீப்பு ஒன்று. எங்களைப் பார்த்ததும் சீப்பைப் பிடித்த கையாலேயே டாட்டா காட்டினார். என்ன விலைக்குப் போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி முதல் காரியமாகக் கையை நீட்டினாள். தம்பி செக் புக்கைக் கொடுத்தான். அவள் புரட்டிப் பார்த்தாள். “அண்ணி! ஒரு செக் கிழிச்சிருக்கு!”

எனக்கே பகீர் என்றது. அவனை விட்டு நகராமல் இருந்தேனே என்று சொல்ல வாயெடுத்து, அந்தக் கழிப்பறை வரிசையை நினைத்துக்கொண்டேன். தம்பி தலையைச் சொறிந்துகொண்டே கோட்டுப் பையிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். ப்யூக் காரின் பக்கவாட்டு ஓட்டைக்குப் போடுகிற வெள்ளிப் பூண், ஒன்றே ஒன்று. அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறானாம்.

அவள் அதைக் கையில் எடுத்து, வளையல் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் வழியாக ஒரு கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“இது எவ்வளவு?”

“ஐம்பது டாலர்.”

“ஏன் அண்ணி, கூடவே இருந்தீங்களே, ஒரு ஓட்டைக்கு ஐம்பது டாலரா?”